எட்டுக் கேள்விக்குறிகள்

போன வாரம் ஒரு முற்பகலில் வாசலிலிருந்து இன்டர்காம் அடித்தது. பெருங்களத்தூரில் எங்கள் அடுக்ககம் வந்த நாளிலிருந்து இருக்கும் வாட்ச்மேன்தான் பேசினார்.

"சார், ஒரு பார்சல் வந்துகீது. வூட்டு நம்பரு உங்களுது. ஆனா பேரு இல்ல. பேரு எடத்துல வெறும் கேள்விக்குறியா போட்டுகினு கீது. வாங்கவா, திருப்பி அனுப்பவா?"

இறங்கிப் போனேன். மதுரையிலிருந்து சித்தி மகள் அனுப்பிய பருப்புப்பொடி. அவள் எதையும் தமிழில்தான் எழுதுவாள். அந்தக் கூரியர் நிறுவனத்தின் கணினிக்குத் தமிழ் தெரியவில்லை போலிருக்கிறது. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றன. நான் அங்கேயே நின்று அவற்றை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னா சார் எண்றீங்க?"

"என் பேர்தானான்னு பாக்கறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். கேள்விக்குறிகளை எண்ணி ஒரு மனுஷியைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. அதை அவரிடம் வாசலில் நின்று சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

அந்த அட்டைப்பெட்டி மழையில் கொஞ்சம் நனைந்திருந்தது. ஈர அட்டையின் வாசனை வந்ததும் எனக்கு மேற்குத் தாம்பரம் வந்துவிடும். என் முதல் வேலை அங்கே, ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில். கடை என்றால் ஆணி, கீல், பெயின்ட், தேங்காய்நார்க் கயிறு விற்கிற கடை. மாடியில் நாங்கள் செய்ததோ சாஃப்ட்வேர். கீழேயிருந்து டர்பன்டைன் வாசனை படியேறி வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் கடைக்காரர் காலிப்பெட்டிகளை எங்கள் வராந்தாவில் அடுக்கிவிடுவார். டர்பன்டைனும் ஈர அட்டையும் சேர்ந்த அந்த வாசனைதான் எனக்கு இன்றைக்கும், நாங்கள் எழுதிய கணினி மொழியான ஜாவாவின் வாசனை.

கட்டடமும் கம்பெனியும் தயாளன் சாருடையது. முடிச்சூர் பக்கத்துப் பழைய குடும்பம். அப்பா காலம்வரை பயிர் வைத்தவர்கள். இவர் காலத்தில் நிலம் மனையாகி, மனை வாடகையாகி, வாடகையில் கொஞ்சம் கம்ப்யூட்டர் கம்பெனியும் ஆகிவிட்டது. மச்சினன் சொன்னார் என்று ஆரம்பித்தார். மச்சினன் அமெரிக்கா போய்விட்டார், கம்பெனி இவர் தலையில் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டார். தினமும் காலையில் வெள்ளை வேட்டியோடு படியேறி வந்து ஒரே கேள்வி கேட்பார்: "இன்னா தம்பி, சர்வரு எந்திரிச்சிச்சா?"

எங்கள் சர்வர் மூலையில் மேசைக்கடியில் ஒரு சாதாரணப் பெட்டி. வெளியில் எங்காவது வாடகைக்கு இடம் பிடித்து அதில் ஓட்டலாம் என்று நாங்கள் சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நமக்கே எடம் கீது. நாம போயி இன்னொருத்தன் எடத்துல வாடகைக்கு இருக்கறதா?" தலைமுறையாக நிலம் வைத்திருப்பவரிடம் என்ன பதில் சொல்வது? சர்வர் சொந்த இடத்திலேயே இருந்தது. அதன் மானிட்டர் மட்டும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. புறாக்கூண்டுக்கும் பழைய தையல் மெஷினுக்கும் நடுவில் கிடந்ததை நானே பொறுக்கி எடுத்தேன். இடது ஓரத்தில் எப்போதும் ஒரு பச்சைக் கோடு ஓடும்.

பல்லாவரத்தில் என் அத்தை இருந்தார். வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் போனபோது, "சர்வர் வேலை அத்தை, தாம்பரத்துல" என்றேன். காபி கலந்துகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "இன்ஜினியரிங் படிச்சிட்டு ஓட்டல்லயாடா?" விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆனது. சொல்லி முடித்தபோது அத்தை கொடுத்த விளக்கம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. "அதான்டா, கேக்கறவனுக்குக் கேட்டதை உள்ள போய் எடுத்துட்டு வந்து குடுக்கணும். ஓட்டல்லயும் அதானே?"

உண்மையில் அதேதான். ஜாவாவில் எழுதிய ஓர் இணையதளத்தை ஓட்ட ஒரு சர்வர் மென்பொருள் வேண்டும். நிறுவிய உடனே அது வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆள் மாதிரி நிற்கும். எந்த வாசலில் நிற்க வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்க வேண்டும், எவ்வளவு மெமரி எடுத்துக்கொள்ளலாம், விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸுக்குப் போகும் வழி எது, எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எழுதித் தரவேண்டும். எழுதியதைச் செய்யும். எழுதாமல் விட்டதற்கு அதுவாக ஒன்றை ஊகித்துக்கொண்டு, ஊகித்தேன் என்று சொல்லாமலே வேலை பார்க்கும். அங்கேதான் ஆபத்து.

அந்த ஃபைலை எழுதுவதில் நான் வேகம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஜாஸ்மின் நிதானம். சேலையூர்ப் பெண், அப்பா அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். அவள் ஒரு வரியை மாற்றுவதற்கு முன் அந்த ஃபைலைப் பிரதி எடுத்து வைப்பாள், மாற்றுவாள், சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்புவாள், பார்ப்பாள், பிறகுதான் அடுத்த வரி. நான் பத்து வரியை ஒரேயடியாக மாற்றி, கிளம்பவில்லையென்றால் சர்வரைத் திட்டுவேன். ஒருமுறை ஒரு கோண அடைப்பை மூடாமல் விட்டுவிட்டு மதியச் சாப்பாடுவரை ஜாவாவையே குறை சொன்னேன். அவள் வந்து ஒரு விரலால் ஸ்கிரீனைத் தொட்டாள். "இங்க ஒண்ணு திறந்து கெடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று முடிச்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மாணவர் பெயர், வகுப்பு, தேர்ச்சி என்று ஒரு சின்ன தளம். அதற்காக டேட்டாபேஸுக்குப் போகும் வழியை நான்தான் எழுதினேன். அந்த வரியின் கடைசியில், எந்த எழுத்து வந்தாலும் சிதையாமல் கொண்டுபோ என்று சொல்லும் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். ஜாஸ்மின் அப்போதே கேட்டாள்.

"தமிழ்ல பேர் அடிச்சா என்னப்பா ஆகும்?"

"யாரு தமிழ்ல அடிக்கப் போறாங்க? ரிஜிஸ்டர் எல்லாம் இங்கிலீஷ்தானே?"

அவள் தோளைக் குலுக்கினாள். அந்தச் சொல்லைச் சேர்க்காமலே நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் கணம் இவ்வளவு தெளிவாக நினைவிருப்பதற்குக் காரணம், அதை எத்தனையோ முறை மனத்துக்குள் திருத்தி எழுதிப் பார்த்திருக்கிறேன் என்பதுதான்.

பிறகு அந்த மழை வந்தது. தென்சென்னைக்காரர்களுக்கு எந்த மழை என்று சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்காக, 2015 டிசம்பர் மழை. ஏரிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து முடிச்சூரில் விழுந்தன. அப்போது நாங்கள் இருந்த கீழ்க்கட்டளைத் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு நாள் வெளியே வர முடியவில்லை. மூன்றாம் நாள் காலை மழை விட்டது. பல்லாவரம் வந்து, அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம்வரை நடந்தேன். என்னைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஆபீஸ் இருந்த தெரு கொஞ்சம் மேடு. கீழ்க்கடையின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சேலையூரிலிருந்து ஜாஸ்மின் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். செல்போன்கள் பெரும்பாலும் செத்துக்கிடந்தன, எங்கள் லேண்ட்லைனுக்கு மட்டும் உயிர் இருந்தது. தயாளன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்த முடிச்சூர் ஸ்கூல்ல சனங்கள தங்க வெச்சிகினு கீறாங்க. வெளியூர்ல இருக்கற புள்ளைங்க அவங்கவங்க வூட்டுக்காரங்களத் தேடுது. யாரு எங்க கீறாங்கன்னு நம்ம சர்வர்ல போட முடியுமா தம்பி?"

முடியும் என்றேன். அந்தக் காலையில் என்னைவிடப் பெருமையான ஆள் தாம்பரத்தில் இருந்திருக்க மாட்டான். பள்ளித் தளத்திலேயே ஒரு பக்கம் சேர்த்தோம். பெயர், வயது, ஊர், எந்த வகுப்பறை. ஊரும் வகுப்பறையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி. பெயரைப் போட்டுத் தேடினால் விவரம் வரும். எங்கள் தொலைபேசி எண்ணையும் கீழே போட்டோம். இரண்டு மணி நேரத்தில் முடித்தேன். பள்ளியில் இரண்டு ஆசிரியைகள் ஒரு லேப்டாப்பையும் விட்டுவிட்டுச் சிக்னல் பிடித்த ஒரு டேட்டா கார்டையும் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போய், ஆட்கள் சொல்லச் சொல்ல அப்படியே அடித்தார்கள். விவரங்கள் வந்து விழுவதை நான் எண்ணிக்கையாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலைக்குள் இருநூறைத் தாண்டியது. அதற்குள் அவர்கள் லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலையிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. முக்கால்வாசிப் பேர் நன்றி சொன்னார்கள். அப்பா கிடைத்துவிட்டார், அக்கா கிடைத்துவிட்டாள். பதினோரு மணிவாக்கில் ஓசூரிலிருந்து ஒருவர் பேசினார். பெயர் சேகர், ஒரு தொழிற்சாலையில் வேலை. முடிச்சூரில் அம்மா தனியாக இருந்தார்.

"சார், அம்சவேணின்னு பாருங்க சார். எங்கம்மா. நான் தமிழ்லயும் போட்டுப் பாத்தேன், இங்கிலீஷ்லயும் போட்டுப் பாத்தேன்."

நானும் போட்டுப் பார்த்தேன். "லிஸ்ட்ல இல்லைங்க" என்றேன்.

"இன்னொரு தபா பாருங்க சார். பக்கத்து வூட்டுக்காரங்க எல்லாம் அந்த ஸ்கூல்லதான் கீறாங்க."

பார்த்தேன். "இல்லைங்க."

பிறகு அவர் கேட்டார். "பேரு இல்லன்னா, ஆளு இல்லன்னு அர்த்தமா சார்?"

திரும்பக் கூப்பிடுகிறேன் என்று எண்ணை வாங்கிக்கொண்டு வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்த ஜாஸ்மின் என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"தேடற பக்கத்துல பாக்காத. டேபிளைத் தொறந்து பாப்போம்" என்றாள்.

விவரங்கள் அப்படியே பதிந்திருக்கும் பட்டியலைத் திறந்தோம். பச்சைக் கோடு ஓடும் அந்த மானிட்டரில் பெயர்கள் மேலேறின. ராஜேந்திரன், மேரி, அப்துல், குமார், எல்லாம் ஆங்கிலத்தில் சரியாக இருந்தன. நடுவில் ஒரு வரியில் வெறும் கேள்விக்குறிகள். அதன் கீழே இன்னொன்று. அப்புறம் தொடர்ச்சியாக ஒன்பது. ஒரு ஆசிரியை ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார். மற்றவர் தமிழாசிரியை போலிருக்கிறது. ஜாஸ்மின் விரலால் எண்ணினாள். அறுபத்தொரு பேர்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, எந்த ஃபைல், எந்த வரி, எந்தச் சொல் என்று. அந்தச் சொல்லை இப்போது சேர்த்தால் இனி வரும் பெயர்கள் சரியாக விழும். ஏற்கெனவே கேள்விக்குறியாகப் பதிந்தது போனது போனதுதான். உள்ளே தோண்டிப் பார்த்தாலும் அங்கேயும் கேள்விக்குறிதான் இருக்கும்.

"ஊர், வயசு, ரூம் எல்லாம் இருக்கு பாரு" என்றாள் ஜாஸ்மின். "பேர்தானே இல்ல. அம்சவேணிக்கு எத்தன கேள்விக்குறி வரும்?"

கம்ப்யூட்டருக்கு நம் எழுத்து ஒவ்வொன்றும் ஒன்றல்ல. 'ம்' என்றால் 'ம' ஒன்று, புள்ளி ஒன்று. 'வே' என்றால் 'வ' ஒன்று, கொம்பு ஒன்று. ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். அ ஒன்று, ம் இரண்டு, ச ஒன்று, வே இரண்டு, ணி இரண்டு. எட்டு. முடிச்சூர் என்று போட்டு எட்டுக் கேள்விக்குறி உள்ளவர்களைத் தேடினோம். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு வயது இருபத்துநாலு. இன்னொருவருக்கு ஐம்பத்தெட்டு. ஆறாம் வகுப்பு, பி பிரிவு.

அந்த ஐம்பத்தெட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி இப்போதும் நினைவிருக்கிறது. ஆனாலும் அது ஊகம். எட்டு என்பது எத்தனையோ பெயர்களுக்கு வரும். பள்ளிக்கு போன் போகவில்லை. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். விஷயத்தைத் தயாளன் சாரிடம் சொன்னேன். என் தப்பு என்று சொல்லவில்லை. பெயர்கள் சரியாக விழவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை.

"டிராக்டர எடுக்கறேன். ஏறு."

மிச்சமிருந்த நிலத்துக்காக அவரிடம் ஒரு டிராக்டர் இருந்தது. பின்சக்கரத்தின் மேல் மட்கார்டில் உட்கார்ந்து நான் முடிச்சூர் சாலையில் போனேன். தண்ணீர் சக்கரத்தின் பாதிவரை இருந்தது. மதில்களுக்கு மேல் துணிகள், ஒரு வீட்டு மாடியில் ஆடு, மிதந்து வந்து கேட்டில் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தயாளன் சார் ஒரு இடத்தில் கையை நீட்டி, "இது ஏரி போற வழிதான்பா. எங்கப்பா காலத்துல இங்க ஒரு வூடு கெடையாது. நாங்கதான் பிளாட்டு போட்டு வித்தோம்" என்றார். எங்கள் இருவருக்கும் அன்று ஆளுக்கொரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆறாம் வகுப்பு பி பிரிவில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். தரையில் முப்பது பேர். கரும்பலகையில் பாதி அழிந்த ஒரு பின்னக் கணக்கு. வாசலில் நின்று கேட்டேன். "அம்சவேணின்னு யாராவது இருக்கீங்களா?"

ஜன்னலோரம் ஒருவர் திரும்பினார். மெலிந்த உடம்பு, யாரோ கொடுத்த பெரிய நைட்டி. "நான்தான். இன்னாத்துக்கு?"

"உங்க பையன் சேகர் ஓசூர்லேர்ந்து தேடறாரும்மா."

"நேத்தே பேரு குட்த்தேனே, அந்த டீச்சராண்ட. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்னு சொல்லிச்சே." பிறகு அவர் கேட்டார்: "புள்ள பயந்துட்டானா?"

தலையாட்டினேன்.

"நான் சாப்ட்டேன்னு சொல்லு. இட்லி குட்த்தாங்க. தண்ணி வடியறவரைக்கும் அவன பஸ்ஸு ஏற வேணாம்னு சொல்லு."

அதன்பின் அறை அறையாகப் போனேன். தமிழாசிரியை என்னோடு வந்தார். அவர் பதிந்த ஒவ்வொருவரிடமும் மறுபடி பெயர் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். சிலர் சலித்துக்கொண்டார்கள். "எத்தினி தபாப்பா கேப்பீங்க?" என்றார் ஒரு பெரியவர். ஒரு பெண் தன் பெயரோடு கைக்குழந்தையின் பெயரையும் எழுதச் சொன்னாள். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று பிறகுதான் ஞாபகம் வந்து, அந்த இடத்திலேயே ஒன்று வைத்தாள். குழந்தையைச் சேர்க்காமல் மொத்தம் அறுபத்தொரு பேர். ஒருவர்கூடக் குறையவில்லை.

ஆபீஸ் திரும்பியதும் முதலில் சேகரைக் கூப்பிட்டேன். அம்மா இருக்கிறார், நேரில் பார்த்தேன் என்றேன். அவர் அழுதார். "ஏன் சார் லிஸ்ட்ல வரல?" என்று கேட்டார்.

"சர்வர் ப்ராப்ளம்ங்க" என்றேன்.

"பரவால்ல சார். நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று சொல்லி வைத்தார்.

ஜாஸ்மின் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "சர்வர் என்ன பண்ணிச்சு?" என்றாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்பதுபோல்தான் கேட்டாள். "அது நீ எழுதினதைத்தானே செஞ்சுது?"

நான் அந்த ஃபைலைத் திறந்தேன். அவள் செய்வதுபோல முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். சர்வரை நிறுத்திக் கிளப்பினேன். அவள் தாளைப் பார்த்து வாசிக்க வாசிக்க, அறுபத்தொரு பெயர்களையும் குழந்தையின் பெயரையும் தமிழில் நானே அடித்தேன். அம்சவேணி ஒழுங்காக வந்து விழுந்தார். முடித்தபிறகும் கை சும்மா இருக்கவில்லை. மறுபடி ஓசூருக்குப் போன் போட்டேன்.

"சார், நான் அப்ப சொன்னது சரியில்ல. சர்வர் ப்ராப்ளம் இல்ல. நான் எழுத வேண்டியதை எழுதாம விட்டுட்டேன். தமிழ்ல அடிச்ச பேரெல்லாம் அதனாலதான் அழிஞ்சுபோச்சு. என் தப்புதான்."

மறுமுனையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அத வுடுங்க சார்" என்றார் சேகர். "எங்கம்மா சாப்ட்டாங்களான்னு கேக்க மறந்துட்டேன்."

"சாப்பிட்டாங்க. இட்லி. உங்களை இப்ப வர வேணாம்னு சொன்னாங்க."

"அப்டிதான் சொல்லும் அது" என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் நடந்து வெகுகாலமாகவில்லை. ஆனால் அந்த இடமே இப்போது இல்லை. தயாளன் சார் நான்கு வருஷங்களுக்கு முன் காலமானார். பிள்ளைகள் ஹார்டுவேர் கடையையும் மாடியையும் இடித்துவிட்டு, கண்ணாடி வைத்த துணிக்கடை ஒன்றுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஜாஸ்மின் கனடாவில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும், தமிழில். அந்த டிராக்டர் எங்கே போனது என்று தெரியவில்லை. முடிச்சூர் சாலையில் நான் பார்த்த ஏரி வழியில் இப்போது இன்னும் உயரமான குடியிருப்புகள். அங்கே குடிவந்திருப்பவர்களிடம் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று சொல்ல ஆளில்லை.

என்னோடு இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்படிப்பட்ட ஃபைலை அனேகமாகக் கையால் திறப்பதே இல்லை. சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். அந்தச் சொல்லையும் யாரும் எழுத வேண்டியதில்லை. புதிதாக வரும் மென்பொருள்கள் பெரும்பாலும் எல்லா எழுத்தையும் தாமே சிதையாமல் வாங்கிக்கொள்கின்றன. நல்லதுதான்.

தண்ணீர் வடிந்து, எல்லோரும் வீடு திரும்பி, பள்ளி திறந்த பிறகு தலைமையாசிரியை அந்தப் பட்டியலை எடுத்துவிடச் சொன்னார். ஆட்களின் வயதும் ஊரும் அப்படியே பொதுவில் கிடக்கக் கூடாது என்றார், அது நியாயம். ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து, ஒற்றை வரிக் கட்டளையில் நானே அழித்தேன். தாளையும் கிழித்துப் போட்டேன். அறுபத்தொரு பேரையும் என் கையாலேயே எழுதி, என் கையாலேயே அடித்திருக்கிறேன். அம்சவேணியைத் தவிர வேறு ஒரு பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை. அந்தக் குழந்தைக்கு அவள் என்ன பெயர் வைத்தாள் என்பதும்.